பழைய மார்பிள் பலகைக்கு மெருகேற்றம்: இதுவரை செய்தது

எடுத்துக்கொண்டது ஒரு பழைய மேசையின் மேல்பலகை. வெள்ளை மார்பிள், குறுக்கே சாம்பல் நிற ரேகைகள். பளபளப்பு போய், தம்ளர் வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக மங்கிக் கிடந்தது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. கறை என்றால் நிறம் கல்லுக்குள் இறங்கியிருக்கும். இங்கே நிறம் எதுவும் இல்லை, தடவினால் லேசான சொரசொரப்பு மட்டும். அமிலம் அரித்த தழும்பு அது. மார்பிளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் கல்லின் மேல்தோல் கரைந்துவிடும். கரைந்ததை எந்தத் திரவத்தைப் பூசியும் திரும்பக் கொண்டுவர முடியாது. சுற்றியிருக்கும் கல்லையும் அதே ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டியதுதான்.

தொடங்கும் முன் பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்த்தேன். குமிழ் வந்தது, மார்பிள்தான். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில், மார்பிளில் உள்ள கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் தாதுவின் கடினம் 3. கத்தி முனையே கீறிவிடும். கிரானைட்டில் 6, 7 வரை போகும் தாதுக்கள் இருப்பதால் அதைக் கையால் தேய்த்து மெருகேற்றுவது பெரும்பாடு. மார்பிளுக்கு சிலிக்கான் கார்பைடு பூசிய வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பொறுமையும் போதும்.

கை வேலையில் கல்லின் போக்கு நன்றாகப் பிடிபடும் என்பதால் பலகையின் ஒரு பக்கத்தைக் கையாலேயே செய்தேன். மீதியை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஈர பாலிஷிங் மெஷினில் டைமண்ட் பேட் மாட்டிச் செய்தேன். சாதாரண ஆங்கிள் கிரைண்டரை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அந்தச் சூட்டில் பேடில் உள்ள ரெசின் என்ற பிசின் இளகி, அதன் நிறம் கல்லில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை மார்பிளில் அந்தத் தடத்தை எடுப்பது தனி வேலை.

எல்லாமே தண்ணீர் விட்டுத்தான். சூடும் ஏறாது, தூசியும் பறக்காது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் மெஷினைத் தொடவே கூடாது. ஓரத்தை எங்கேயாவது காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டி வந்தால் முகக்கவசம் கட்டாயம்.

இனி 120 நம்பர் தாள். நம்பர் ஏற ஏறத் தாளின் துகள் நுண்மையாகும். மொத்த நேரத்தில் பெரும்பங்கை இதற்கே கொடுத்தேன், கொடுக்கவும் வேண்டும். பளபளப்பு கடைசிப் பேடில் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது முடிவாவது இங்கேதான். 120 தாளின் துகள் சுமார் 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 400-இல் 35, 800-இல் 22 அளவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 1 மைக்ரானுக்கும் குறைவு. கல்லின் மேடுபள்ளங்கள் அந்த அளவை நெருங்கினால்தான் ஒளி சிதறாமல் நேராகத் திரும்பும். ஒவ்வொரு நம்பரும் அதற்கு முந்தியது போட்ட கீறலை மட்டும்தான் அழிக்கும். தழும்பின் அடியையே இன்னும் தொடாதபோது 400-க்குத் தாவினால், தழும்புக்குத்தான் மெருகு ஏறும்.

எப்போது போதும் என்பதற்கு பென்சில் நல்ல துணை. பலகை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டுத் தேய்த்தேன். தாள் படாத பள்ளத்தில் கோடு அப்படியே நிற்கும். அங்கே மட்டும் அழுத்தித் தேய்த்தால் குழி விழும். அதனால் அகலமாகவே தேய்த்து, முழுப் பரப்பையும் சேர்த்து இறக்கினேன். இரும்பு ஸ்கேலை விளிம்பு பட நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். தழும்புகள் எல்லாம் மறைந்து, பலகை ஒரே சீராக வெளுத்த பிறகுதான் 240-க்குப் போனேன்.

நம்பர் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றினேன். 120-இல் நீளவாக்கில் என்றால் 240-இல் குறுக்கே. பழைய திசையில் ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை என்றால் அந்த நம்பரின் வேலை முடிந்தது. மாற்றும் ஒவ்வொரு முறையும் கல், வாளி, ஸ்பாஞ்ச், கை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். 800-இல் இருக்கும்போது 120-இன் ஒற்றைத் துகள் அடியில் சிக்கினால் நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும்.

ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தண்ணீர் கீறல்களை நிரப்பிவிடுவதால் 240-இலேயே கல் மின்னுவதுபோல் தெரியும். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

சாம்பல் ரேகைதான் அதிக நேரம் எடுத்தது. அதில் வேறு தாதுக்கள் கலந்திருப்பதால் சுற்றியுள்ள கல்லின் வேகத்தில் அது தேயவில்லை. தாளுக்கு அடியில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் வைத்தால் மென்மையான பகுதி அதிகம் தேய்ந்து, ரேகை மேடாக நின்றுவிடும். கெட்டியான மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தபோது சீராக வந்தது. ரேகை ஓரத்தில் இருந்த ஊசிமுனை ஓட்டைகளை 240 முடிந்ததும் நிறமற்ற எபாக்ஸி பசையால் அடைத்து, நன்றாக இறுகவிட்டு, அப்புறம் தொடர்ந்தேன்.

400-இலிருந்து வேலை ஓடும். 800 முடிந்ததும் மழமழவென்று, மினுக்கம் இல்லாத ஒரு அழகு வந்தது. தினமும் புழங்கும் பலகைக்கு இதோடு நிறுத்துவதுதான் சரி என்பது என் கருத்து. பின்னால் அமிலத் தழும்பு விழுந்தாலும் அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆனால் இந்தக் கல்லின் ரேகைக்கு ஒரு ஆழம் உண்டு. பாலிஷ் ஏறினால்தான் அது வெளியே வரும். அதனால் 1500, 3000 வரை போனேன்.

கடைசியாக மார்பிள் பாலிஷ் பவுடர். இதில் நுண்ணிய தேய்ப்புத் துகளோடு ஆக்ஸாலிக் அமிலமும் கலந்திருக்கும். அது கால்சைட்டோடு சேர்ந்து கால்சியம் ஆக்ஸலேட் ஆகிறது. ஆக்ஸாலிக் அமிலம் நச்சு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். ஃபெல்ட் பேடில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குறைந்த வேகத்தில், குழைவு லேசாக இறுகும்வரை ஓட்டிவிட்டு உடனே கழுவினேன். ஜன்னல் கம்பிகள் பலகையில் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தபோது அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கையால் செய்த பக்கத்துக்கும் மெஷின் பக்கத்துக்கும் இப்போது வித்தியாசம் தெரியவில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு சீலர் பூசினேன். எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்குவதை அது தாமதப்படுத்தும், அமிலத்தைத் தடுக்காது. எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைக்கத்தான் வேண்டும்.

பாக்கி இருப்பது வளைந்த ஓரம். அங்கே மெஷின் வைத்தால் வளைவு தட்டையாகிவிடும். அதே வளைவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அதில் தாளை ஒட்டி, கையால் தேய்க்கப்போகிறேன். ஓரத்தில் தழும்புகள் ஆழம் குறைவு என்பதால் 240-இலிருந்தே தொடங்கலாம்.