கட்டிலில் கழியும் வாரங்கள்

மார்ச் 3

இன்றைய ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 18 மில்லிமீட்டர். இந்தக் கட்டத்தில் 25க்குக் கீழே இருந்தாலே குட்டை என்று கொள்கிறார்கள். எனக்கு இது 22ஆவது வாரம். முந்தைய கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்ததை மனத்தில் வைத்து, கருப்பை வாய் முன்கூட்டியே திறந்துவிடாமல் இருக்க நாளையே அதில் தையல் போட்டுவிடலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். சீட்டின் அடியில் “முழு ஓய்வு” என்றும் எழுதினார். முழு என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, கழிப்பறைக்கு மட்டும் எழலாம் என்றார்.

மார்ச் 11

மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும் என்பதால், இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சாய்ந்ததும் தண்ணீர், மாத்திரை, செல்போன் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. கணவர் மேசையை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். சார்ஜர் வயர் எட்டவில்லை. பிறகு கட்டிலையே திருப்பிப் போட்டோம், அதாவது அவர் திருப்பிப் போட, நான் நாற்காலியில் குற்றவுணர்வோடு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 30

பார்க்க வந்த உறவினர் ஒருவர், “கொடுத்து வைத்தவள், காலை நீட்டிப் படுத்திருக்கிறாய்” என்றார். அடிவயிறு இறுகும் ஒவ்வொரு முறையும் அது வாயுவா, பிரசவ வலியின் தொடக்கமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர் நிச்சயமாக இப்படிப் படுத்திருக்க மாட்டார். அலுவலகத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்: பிரசவ விடுப்பை இப்போதே எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது சம்பளமில்லா விடுப்பா? இப்போதே எடுத்தால், குழந்தை பிறந்த பிறகு அதனோடு இருக்க அதிக நாட்கள் மிஞ்சாது.

ஏப்ரல் 14

28ஆவது வாரம். கெண்டைக்கால் சதை தொட்டாலே தளர்ந்து தொங்குகிறது. வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்டோம். படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றும், கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைவது, தசையும் எலும்பும் நலிவது, மனச்சோர்வு ஆகிய கேடுகள் உண்டு என்றும், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பே இதை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது என்றும் விளக்கினார். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கருப்பை வாய் குட்டையாக இருந்த, முதல்முறை பிரசவத்தை எதிர்நோக்கிய பெண்களில் நடமாட்டம் குறைக்கப்பட்டவர்களுக்கே குறைப்பிரசவம் அதிகம் நேர்ந்ததாம். அதற்கு ஓய்வுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை என்பதையும் அவரே சொன்னார். பாரம் தூக்காமல் வீட்டுக்குள் நடமாடலாம் என்று அனுமதித்தார்.

மகிழ்ந்திருக்க வேண்டும், எனக்குக் கோபம்தான் வந்தது. அதைவிட, எழுந்து நடந்து ஏதாவது ஆகிவிட்டால் “நடந்ததால்தான்” என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிக்கொள்வேனே என்ற பயம், எந்தச் சான்றுக்கும் அசையவில்லை. இரவுவரை படுத்தேதான் இருந்தேன்.

மே 5

சமையலறைவரை நடந்து திரும்புகிறேன். முழங்கால் நடுங்குகிறது, தையல் தாங்குகிறது. 37ஆவது வாரத்தையொட்டித் தையலைப் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்துக்கு, சம்பளமில்லா விடுப்பு என்றே பதில் எழுதிவிட்டேன்.