சிஹிரோவுக்கு எப்படித் தெரிந்தது

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அப்பா பகல் முழுக்கத் தூங்கினார்.

மே 5
லாட்ஜில் தூக்கம் வரவில்லை. நள்ளிரவு வரை அக்கா மகளோடு போனில் ‘ஸ்பிரிட்டட் அவே’ பற்றித்தான் பேச்சு. மியாசாகியின் 2001-ஆம் வருஷத்து ஜப்பானிய அனிமேஷன் படம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சிஹிரோ என்ற சிறுமியின் அப்பா அம்மா பன்றிகளாகிவிடுகிறார்கள். அவர்களை மீட்க, தெய்வங்கள் குளிக்க வரும் விடுதியில், சூனியக்காரி யுபாபாவிடம் வேலைக்குச் சேர்கிறாள். கடைசியில் யுபாபா பன்றிகளை வரிசையாக நிறுத்தி, இதில் உன் அப்பா அம்மா யார் என்று கேட்கிறாள். சிஹிரோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே இல்லை என்கிறாள். ஒப்பந்தக் காகிதம் வெடித்துப் போகிறது. எப்படித் தெரிந்தது? படம் சொல்வதே இல்லை. யுபாபாவின் இரட்டைச் சகோதரி ஸெனிபா கொடுத்த தலைமுடிக் கயிறு காட்டிக்கொடுத்திருக்கும் என்கிறாள் அக்கா மகள். எனக்கு ஒப்பவில்லை. அது காப்புக் கயிறு, அவ்வளவுதான்.

மே 6
அப்பா என்னை “சிஸ்டர்” என்று கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

மே 8
ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. தம்பி வந்தான். இந்தத் தெருவில் பாதிப் பலகைகள் வங்காளத்தில், ஓட்டலுக்குள் நுழைந்தாலே கடுகெண்ணெய் வாசனை. சோறு ஆறிப்போகும்வரை அதே பேச்சு. நடுவில் சிஹிரோ காணும் கனவை அவன் ஞாபகப்படுத்தினான். நதித் தெய்வம் தந்த கசப்பு உருண்டையோடு தொழுவத்துக்கு ஓடுகிறாள். எல்லாப் பன்றியும் ஒரே மாதிரி. எது அப்பா, எது அம்மா என்று தெரியாமல் தவிக்கிறாள். அன்றைக்குத் தெரியாதது கடைசியில் தெரிகிறதே, அவள் வளர்ந்துவிட்டாள், அதுதான் பதில் என்கிறான் தம்பி.

வளர்ந்தால் தெரிந்துவிடுமா? யுபாபாவுக்கு எவ்வளவு வயசு! சொந்தப் பிள்ளை எலியாகிக் கண்முன்னால் நிற்கிறது, அழுக்கு எலி என்கிறாள். பிள்ளை இருந்த இடத்தில் வேறு எதுவோ இருந்து தின்றுகொண்டிருக்கிறது, அதையும் கவனிக்கவில்லை. உனக்கு அருமையானது ஒன்று மாறிப்போயிருக்கிறது என்று, சிஹிரோவுக்குத் துணை நிற்கும் ஹாகு சொன்ன பிறகும் முதலில் தங்கத்தைத்தான் பார்க்கிறாள். பெற்றவளுக்கே முகம் தெரியாத ஊர் அது. கனவில் சிஹிரோ முகத்தைத் தேடினாள், அதனால்தான் தோற்றாள். கடைசியில் அவள் தேடவே இல்லை. நான் அப்படித்தான் நினைக்கிறேன். தம்பி பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டான்.

மே 9
தம்பியைக் காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே மணலும் முள்ளும்தான். படத்தில் ஹாகு ஓர் ஆற்றின் தெய்வம், அவன் ஆற்றையும் மூடித்தான் வீடு கட்டினார்கள். விடுதிக்குக் குளிக்க வருவதை நாற்றச் சாமி என்று எல்லோரும் மூக்கைப் பிடிக்கிறார்களே, அதுவும் ஆறுதான். ஒரு சைக்கிளை இழுத்ததும் உள்ளே இருந்த குப்பை மொத்தமும் கொட்டும். தோல் பதனிடும் ஷாப் கழிவு ஓடிய ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம்.

மே 10
சிஸ்டர். நாள் முழுக்க சிஸ்டர்.

மே 11
சாயங்காலம் அப்பாவுக்குக் கால் பிடித்துவிட்டேன். வெடித்த குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவி, கட்டைவிரலால் அழுத்தி, எப்போதும் செய்கிற மாதிரிதான். கண்ணை மூடியபடியே “மெதுவா, பாப்பா” என்றார். அந்தப் பேர் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர் அவர் ஒருத்தர்தான். அப்பா, அப்பா என்றேன். கண்ணைத் திறந்தார். என்னை நன்றாகப் பார்த்தார். வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள், சிஸ்டர் என்றார்.

மே 12
இந்தத் தடவை படத்தைப் போட்டால் பன்றிகளைப் பார்க்கப் போவதில்லை, சிஹிரோவின் கண்ணைத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பார்க்கிறாள், எந்தப் பன்றியிடமாவது நிற்கிறாளா. அக்கா மகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். நாளைக் காலை வீட்டு ஆட்கள் எல்லோரையும் வரச் சொல்கிறார்கள். தம்பி ராத்திரி வண்டியில் கிளம்புகிறான்.