குமரிக்குப் போய்க் கடலைப் பார்க்கவில்லை, முள்ளெலியைப் பார்த்தேன்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போய்விட்டு முக்கடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் போனது முள்ளெலி பார்க்க. பார்த்தும் விட்டேன், அதுவும் ஈசல் பறந்த ராத்திரியில்! எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

நான் போக வேண்டியது ஆரல்வாய்மொழி. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் சாயங்கால நேரம். திருநெல்வேலி போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன, எல்லாமே நடுவில் நிற்காத ஒன் டு ஒன். "ஆரல்வாய்மொழி நிக்காது, ஏறாதீங்க" என்று நடத்துநர்கள் விரட்டாத குறை. மழை வேறு பிடித்துக்கொண்டது. பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஆட்டோவில் 700 ரூபாய்! பேரம் பேசிப் பேசி 600-க்கு வந்தார். என் அன்றைய பட்ஜெட்டே அவ்வளவுதான்.

தோவாளை தாண்டும்போது எதற்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்? 2,000 குடுங்க சார், நானே ஒண்ணு பிடிச்சுத் தாரேன். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தா முள்ளைச் சுட்டுத் தேன்ல குழைச்சுக் குடுக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த முள் கெரட்டின், அதாவது நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். கக்குவான் இருமல் பாக்டீரியாவால் வருவது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் காசே வாங்காமல் போடுகிறார்கள். நகத்தைச் சுட்டுத் தின்றால் இருமல் போகுமா? இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

தங்கியது நண்பனின் மாமா வீட்டில், அதனால் அறை வாடகை மிச்சம். அத்தை அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வைத்தார். மேலே காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு துவையல். கண்ணில் தண்ணீர் வர வர மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினேன். கடற்கரை ஓட்டல்களில் இந்த ருசிக்கு எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிட்டு முடிக்கையில் மழை விட்டிருந்தது. மாமாவின் தோட்டம் மலையடிவாரத்தில், காற்றாலைகளுக்குப் பக்கம். உடைமரமும் கள்ளியும் கல் குவியலுமாகக் கிடக்கிற வறண்ட பூமி. மேற்கே போகப் போகப் பச்சையாகிவிடுகிற இந்த மாவட்டத்தில் முள்ளெலிக்கு ஏற்ற இடம் இந்தப் பொட்டல்தான். பகலெல்லாம் புதருக்கடியிலோ தானே தோண்டிய சின்ன வளையிலோ படுத்துக் கிடக்கும், இருட்டினால்தான் வெளியே வரும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டு நடந்தோம். பம்புசெட் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்துக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. சருகுக்குள் 'புஸ் புஸ்' என்று மோப்பம் பிடிக்கிற சத்தம், அப்புறம் 'நறுக் நறுக்'. "அசையாத மக்களே, அது பாட்டுக்குத் திங்கட்டும்" என்றார் மாமா. கை அகலத்தில் ஒரு உருவம். கூர்மையான ஈர மூக்கு, கறுத்த முகம், நெற்றியில் வெள்ளைப் பட்டை. ஈசலை வாயில் அள்ளி மெல்ல, இறக்கைகள் உதட்டோரம் ஒட்டித் தொங்கின. நடுவில் ஒரு கரிய வண்டு வந்து மாட்டியது, அதன் ஓடு உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. தேள் கிடைத்தாலும் விடாதாம்.

மாமா செருப்பு மாற்றி வைத்ததில் ஒரு குச்சி ஒடிந்தது. உடனே நெற்றி முள்ளைக் கண்வரை இறக்கியது, சீறியது, அடுத்த நொடி உருண்டை! உடலோரமாக ஓடும் வளையத் தசை சுருக்குப்பை போல இழுத்து மூடிக்கொள்கிறது, மூக்கும் காலும் வயிறும் உள்ளே போய்விடுகின்றன. வயிற்றில் முள் கிடையாது, முடியும் குறைவு. 1851-இல் விலங்கியலாளர் ஹார்ஸ்ஃபீல்ட் வைத்த அறிவியல் பெயரிலேயே 'மொட்டை வயிறு' இருக்கிறது. வெகுநேரம் கழித்து மூக்கு மட்டும் மெல்ல வெளியே வந்தது.

எலி என்று பெயர் இருந்தாலும் இது எலிக் கூட்டமே இல்லை, மூஞ்சூறுக்குத்தான் சொந்தம். முள்ளம்பன்றிதான் எலிக்குச் சொந்தம்! முள்ளம்பன்றிக்குக் கழன்று விழுவதுபோல இதற்கு முள் சுலபமாகக் கழலாது. முள்ளெலிகளுக்கு இன்னொரு விநோதமும் உண்டு. புது வாசனையுள்ள எதையாவது மென்று, நுரை தள்ளும் எச்சிலை முதுகு முள்ளில் பூசிக்கொள்ளும். ஏன் என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நம் மதராஸ் முள்ளெலி தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. வரையாட்டுக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசிகூட இதற்கு இல்லை. 2025-இல் தமிழக அரசு சிங்கவால் குரங்கு, கழுதைப்புலியோடு சேர்த்து இதன் பாதுகாப்புக்கும் நிதி ஒதுக்கியது, நல்ல காரியம். நாலுவழிச் சாலையை என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நரி வந்தால் சுருண்டு தப்பிக்கலாம், லாரி வந்தாலும் அதே இடத்தில் சுருண்டு நிற்கும். மறுநாள் காலை முப்பந்தல் பக்கம் ரோட்டோரத்தில் அப்படி நசுங்கிய ஒன்றைப் பார்த்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஆரல்வாய்மொழியில் ரயில் நிலையம் இருக்கிறது, பாசஞ்சர் நேரம் பார்த்துப் போனால் ஆட்டோவுக்கு அழ வேண்டாம். தோட்டக்காரர்களிடம் கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். கையில் எடுக்காதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கும். ஐப்பசி மழை விழுந்த பிறகு வரச் சொல்கிறார் மாமா. கொசு பிடுங்கி எடுக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.