கேஸ் ஷீட்டில் காலியாக இருந்த கட்டம்

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியான வாரம் அது. ஓர் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் இரவுப் பணியில் இருந்தேன். கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் நிரம்பியிருக்கும். எடை என்ற கட்டம் மட்டும் பல நாள் காலியாகவே கிடக்கும். மூச்சிரைக்க வருகிறவரை எடை மெஷினில் ஏற்றி நிறுத்த முடியாது. கேட்டால் பதில் வராது. நாங்களும் ஒரு குத்துமதிப்பாக எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடுவோம்.

ஒருநாள் இரவு, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் ஒருவர் வந்தார். வயது 38. ஆக்சிஜன் 84. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்றார். எடை எவ்வளவு என்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் இரவு நான் தண்ணீர் கொடுத்தபோது அவராகவே சொன்னார். "112 கிலோ, சிஸ்டர். காய்ச்சல் வந்ததும் ஒரு கிளினிக்குக்குப் போனேன். நெஞ்சில் குழாயை வைக்கும் முன்பே வாயைக் கட்டு என்றார்கள். அதன் பிறகு எங்கும் போகப் பிடிக்கவில்லை." ஆறு நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறார். அந்த ஆறு நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் உடம்பில் நடந்ததை மானிட்டரிலேயே பார்க்க முடிந்தது. மல்லாந்து படுத்தால் 84. தலைப்பக்கத்தை உயர்த்தினால் 88. குப்புறப் படுத்து அரை மணி நேரம் போனால் 93. மல்லாந்து கிடக்கும்போது வயிற்றின் பாரம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலின் அடிப்பகுதி விரிய முடியாமல் சுருங்கிக்கொள்கிறது. நலமாக இருக்கும் நாளில் இந்தக் குறை வெளியே தெரியாது. கொரோனா நிமோனியா அதிகம் பிடித்ததும் அதே அடிப்பகுதியையும் முதுகுப் பக்கத்தையும்தான். ஏற்கெனவே கையிருப்பு குறைந்த இடத்தில் அடி விழுந்தது.

மூன்றாம் நாள் இரவு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. பருமனான உடம்பில் மூச்சை நிறுத்தித் தொண்டை வழியாகக் குழாய் போடும் நேரத்தில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிடும். மயக்க மருத்துவர் என்னிடம் போர்வைகளை மடித்துக் கொண்டுவரச் சொன்னார். தோளுக்கும் தலைக்கும் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். "காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல் நுனியும் ஒரே மட்டத்துக்கு வரட்டும்" என்றார். ஏழு போர்வைகள் ஆயின. முதல் முயற்சியிலேயே குழாய் இறங்கியது. அந்த அடுக்கைப் போடாமல் எத்தனை பேருக்குத் தடுமாறியிருப்போம் என்று அன்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து மயக்க மருத்துவர் கேட்டது நோயாளியின் எடையை அல்ல, உயரத்தை. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குக் கணக்கில் எடுக்கும் எடை ஏறத்தாழ 61 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் ஒரு மூச்சுக்கு 370 மில்லி போதும். 112 கிலோவுக்குப் போட்டிருந்தால் 670 மில்லி போயிருக்கும். வீங்கிக் கிடக்கும் நுரையீரலை அது கிழித்துவிடும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசிக்கு உண்மையான எடைதான் வேண்டும். குத்துமதிப்பாக 70 என்று எழுதியிருந்தால் மருந்து குறைந்துபோயிருக்கும். அன்றிலிருந்து உயரம் அளக்க ஒரு தையல் டேப் என்னோடு இருக்கிறது. ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து எண்கள் மங்கிவிட்டன.

இதெல்லாம் கொரோனாவோடு வந்த புதுப் பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். 2009 பன்றிக்காய்ச்சலின்போதே அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 10 பேரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். 9 பேர் உடல் பருமன் உள்ளவர்கள். 5 பேருக்கு நுரையீரல் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி அடைத்திருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்தும் எங்கள் கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்ததே என்பதுதான் என் வருத்தம்.

கொழுப்பு சும்மா கிடக்கும் சுமை அல்ல என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது ஓயாமல் அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. வைரஸ் நுழைந்ததும் எழ வேண்டிய முதல் எதிர்ப்பு தாமதமாக எழுகிறது. பிறகு அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. நிகரகுவாவில் நடந்த ஓர் ஆய்வில், இன்ஃபுளுவென்சா ஏ வந்து அறிகுறி காட்டிய பருமனான பெரியவர்கள் மற்றவர்களைவிட 42 சதவீதம் கூடுதல் காலம் வைரஸை வெளியேற்றினார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், பருமன் என்றால் நூறு கிலோவைத் தாண்டியவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார். 165 சென்டிமீட்டர் உயரத்தில் 75 கிலோ இருப்பவரைப் பூசினாற்போல் இருக்கிறார் என்றுதான் சொல்வோம். ஆசிய உடல்வாகுக்கு உலக சுகாதார நிறுவனம் அதிக ஆபத்து என்று கோடு போட்டிருப்பது அந்த இடத்தில்தான். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை கூடியவர்கள். என் வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஜவுளிக்கடைக்காரரைத் தினமும் பதினாறு மணி நேரம் குப்புறப் போட்டோம். திருப்புவதற்கு ஐந்து பேர் வேண்டும். நெஞ்சுக்கு இரண்டு தலையணை, இடுப்புக்கு இரண்டு. நடுவில் வயிறு அழுந்தாமல் தொங்க வேண்டும். நான்காம் நாள் அவர் கன்னத்தில் புண் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தைத் திருப்பி வைக்க வேண்டியது என் பொறுப்பு. அன்று இரண்டு மரணங்களுக்கு நடுவில் ஒரு முறை தவறிவிட்டது. பதினோராம் நாள் குழாயை எடுத்தோம். வீட்டுக்குப் போகும்போது நன்றி சொன்னார். நான் கன்னத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைவிட எடை குறைந்த பலரை அதே அறையில் இழந்திருக்கிறோம். எடையை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. முன்கூட்டித் தெரிந்தால் போர்வை மடிக்கலாம், ஆளைச் சேர்க்கலாம், ஊசியின் அளவைச் சரியாகப் போடலாம்.

இப்போது எங்கள் வார்டில் எடை மெஷினைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். எண்ணை உரக்கப் படிப்பதில்லை. போன மழைக்காலத்தில் ஃபுளூ காய்ச்சலோடு ஓர் ஆசிரியை வந்தார். மெஷினில் ஏறும் முன்பே "திட்டாதீர்கள், சிஸ்டர்" என்றார். "எதற்குத் திட்ட வேண்டும், அம்மா? மருந்து அளவுக்காகத்தான் கேட்கிறேன்" என்றேன். 94 கிலோ. எழுதிக்கொண்டேன். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன். நேற்று இரவிலிருந்து என்றார். இரண்டு நாளுக்குள் வந்துவிட்டதால் ஃபுளூ வைரஸுக்கான ஓசல்டாமிவிர் மருந்தை அன்றே தொடங்க முடிந்தது.