ஓரத்தில் தொடங்கிய மஞ்சள்

கோதுமை இலையில் மஞ்சள் கீற்று விழுந்ததும் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று நினைத்து யூரியா போட்டேன். பயிர் அசையவே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், போன அறுவடையில் சிந்திய மணிகள் தானாக முளைத்துக் கிடந்த ஓரத்தில்தான் மஞ்சள் அதிகம். உள்ளே போகப் போகக் குறைந்தது. சத்துக் குறைவு இப்படி ஓரம் பார்த்து வராது.

ஒரு செடியில் இலை விளிம்பு சுருண்டு, அடுத்து வந்த இலையின் நுனி அதற்குள் மாட்டி வில்லாக வளைந்திருந்தது. சுருளை நகத்தால் பிரித்து 20 மடங்கு லென்ஸை வைத்தேன். நரம்புகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, சுருட்டு வடிவில், கால் மில்லிமீட்டர்கூட இல்லாத சிலந்திகள். வலை பின்னும் சிலந்தி இல்லை, செடிச் சாற்றை உறிஞ்சும் ‘மைட்’ வகை. தலைப்பக்கம் நான்கே நான்கு கால்கள். தேங்காயில் சொறி உண்டாக்கும் ஈரியோபைட் சிலந்தியும் இதே பேரினம்தான்.

கோதுமை இலையில் இந்த மஞ்சள் கீற்றை உண்டாக்கும் கீற்றுத் தேமல் வைரஸைப் பரப்புவது இதுதான் என்று 1950களிலேயே கனடாவில் பயிர் நோய் ஆய்வாளர் ஸ்லைக்ஹுய்ஸ் காட்டிவிட்டார். முட்டை வழியாக வைரஸ் போகாது. நோயுள்ள செடியைக் குஞ்சுப் பருவத்தில் உறிஞ்சினால்தான் தொற்றும், அதன் பிறகு வளர்ந்தாலும் விடாது. வெதுவெதுப்பான நாட்களில் முட்டை வளர்ந்து முழுச் சிலந்தியாக 7 முதல் 10 நாள் போதும்.

சரி என்று சிலந்திக்கொல்லி அடித்தேன். காசுதான் கரைந்தது. சுருளுக்குள்ளும் குருத்துக்குள்ளும் இருப்பதை மருந்து எப்படித் தொடும்? தொட்டாலும், ஏற்கெனவே நோய் ஏறிய செடி தேறாது.

அடுத்த பருவத்தில் புத்திசாலித்தனமாக, தானாக முளைத்ததற்குக் களைக்கொல்லி அடித்து நாலாம் நாளே விதைத்தேன். அதுதான் பெரிய தப்பு. களைக்கொல்லி பட்ட செடி உடனே சாவதில்லை. அது வாடும்போது, இறக்கையில்லாத இந்தச் சிலந்தி இலை நுனிக்கு ஏறி, பின்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். காற்று வந்து தூக்கிப்போகும். பச்சை கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும் ஜீவனுக்கு, நானே இளம் நாற்றை நீட்டியிருக்கிறேன்.

இப்போது பழைய பச்சையெல்லாம் முழுக்கக் காய்ந்து இரண்டு வாரமாவது போன பிறகே விதைப்பு. பக்கத்தில் பச்சையாக மக்காச்சோளம் நின்றால் அதுவும் காயட்டும் என்று காத்திருக்கிறேன், அதிலும் இது பிழைக்கும். இந்த முறை விதைக்க எல்லாம் தயார். கடைசியாக ஒரு சுற்று நடந்தபோது, வைக்கோல் குவியலுக்கு அடியில் ஒரு கை அகலத்துக்குப் பச்சை. விதை மூட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.