ஐப்பசி மழையில் சிட்ரிக் ஆசிட் சோதனை

நாகர்கோவில் பக்கம் சிரப் தயாரிக்கும் ஒரு சிறிய மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சிரப்பில் சேரும் சிட்ரிக் ஆசிட் மோனோஹைட்ரேட்டைச் சோதிப்பது படிக்க எளிது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் கொட்டுகிற குமரி மாவட்டத்தில் அது அத்தனை எளிதல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஐப்பசியில் சிட்ரிக் ஆசிட் ஒரு லாட் (ஒரே தொகுதிச் சரக்கு) வந்தது. பிரிடினும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கலந்ததில் சில மில்லிகிராம் போட்டதும் சிவந்தது, சிட்ரேட்தான். (பிரிடினை, ஆவியை உறிஞ்சும் ஃப்யூம் ஹுட்டுக்கு வெளியே திறக்கவே கூடாது.) அடுத்து, தூய்மையை அளக்கும் டைட்ரேஷனுக்காக ப்யூரெட்டைக் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) கழுவப் போனேன். தக்கலையிலிருந்து வரும் சீனியர் அக்கா தடுத்தார்: "மக்களே, மொதல்ல தண்ணியப் பாரு. டைட்ரேஷன் பொறவு."

காரணம் இருக்கிறது. இந்தப் படிகத்துக்குள்ளேயே கணக்குப்படி 8.57% தண்ணீர் உண்டு. 7.5 முதல் 9.0 வரை அனுமதி. தூய்மை 99.5 முதல் 100.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதுவும் தண்ணீரைக் கழித்த கணக்கில். கழிக்காவிட்டால் நல்ல சரக்கே 91 சொச்சம் என்று காட்டும்.

தண்ணீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவியில் 9.1 வந்தது.

மனசு உடனே இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லும். செய்யக் கூடாது. 1993-இல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனி வழக்கின் தீர்ப்பு இதைத்தான் அழுத்திச் சொன்னது: காரணம் தேடாமல், பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது சோதனையே ஆகாது. 9.1-ஐ அப்படியே பதிவு செய்து ஓ.ஓ.எஸ். (வரம்பு மீறிய முடிவு) படிவம் திறந்தோம்.

பிறகு கருவியைச் சோதித்தோம். சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட்டில் தண்ணீர் 15.66%, அது மாறாது. எங்கள் கருவி 16-ஐத் தாண்டிக் காட்டியது. தண்ணீரோடு வினைபுரியும் ரீஏஜென்ட் உள்ள பாட்டில் மேல் இருக்கும் உலர்த்துக் குழாயில் மாலிகுலர் சீவ் ஈரம் குடித்துத் தீர்ந்திருந்தது. மழைக் காற்று உள்ளே போய் ரீஏஜென்ட் வலு குறைந்துவிட்டது. பழைய ஃபேக்டரை (ஒரு மில்லி ரீஏஜென்ட் எவ்வளவு தண்ணீருக்குச் சமம் என்ற எண்) வைத்துக் கணக்குப் போட்டால் எந்தச் சாம்பிளுக்கும் தண்ணீர் கூடுதலாகத்தான் வரும். சீவ் மாற்றி, புது ரீஏஜென்ட் ஊற்றி, ஃபேக்டர் போட்டு, டார்ட்ரேட் சரியாக வந்தபின், க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) அனுமதியுடன் சாம்பிளைத் திரும்பப் போட்டோம். 8.6.

அதன் பிறகுதான் டைட்ரேஷன். 0.55 கிராம் எடுத்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 50 மில்லியில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் விட்டு, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. மொத்தம் எட்டு மில்லிக்கும் குறைவாகவே செலவாகும். ஒரு சொட்டு 0.05 மில்லி என்றால் அதுவே 0.6 சதவீதத்துக்கு மேல்! மேல் வரம்புக்கும் கீழ் வரம்புக்கும் இடைவெளியே ஒரு சதவீதம்தான். அதனால் கடைசியில் அரைச் சொட்டாக, முனையைக் கண்ணாடியில் தொட்டு எடுக்க வேண்டும். ஒரு மில்லிக்கு 64.03 மில்லிகிராம் தண்ணீரில்லா சிட்ரிக் ஆசிட் என்று கணக்கிட்டதில் 99.8 வந்தது.

லாட் பாஸ் ஆனது. 9.1 வந்த தாளும் டார்ட்ரேட் ரீடிங்கும் அதே ஃபைலில் இருக்கின்றன. மழை தொடங்கினால் இப்போது தினமும் காலையில் சாம்பிளுக்கு முன்னால் டார்ட்ரேட் போடுகிறோம்.