மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள்

அமெரிக்கா கிளம்புகிற சொந்தக்காரர்கள் பெட்டி கட்டும்போது என்னிடம் முதலில் கேட்பது, மிக்ஸி எடுத்துக்கொண்டு வரலாமா என்பதுதான். அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படித்துச் சொல்லுங்கள் என்பேன்.

நான் வந்தபோது படிக்கவில்லை. நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வாரம், அம்மா புடவைகளுக்கு நடுவே பொதிந்து வைத்து அனுப்பிய 750 வாட்ஸ் மிக்ஸியை எடுத்து, உருண்டை மூன்று பின் பிளக்கை ஒரு அடாப்டரில் சொருகி, தேங்காய் சட்னிக்குப் போட்டேன். மூன்றில் வைத்தும் பிளேடு திணறித் திணறித்தான் சுற்றியது. தேங்காய்ப் பத்தை அப்படியே கிடக்க, பொட்டுக்கடலை மட்டும் அடியில் போய் மாவாக அப்பிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மோட்டாரிலிருந்து சூடான வார்னிஷ் வாடை வந்தது, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், அவ்வளவுதான். வோல்டேஜை மாற்றாது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்றால் கரண்ட் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னும் போய்வருகிறது என்கிற கணக்கு. பாதி வோல்டேஜ் கொடுத்தால் பாதி வேலையாவது நடக்கும் என்று தோன்றும், ஆனால் அயர்ன்பாக்ஸ், கெட்டில் போன்ற சூடாக்கும் சாமான்களில் வோல்டேஜ் பாதியானால் சக்தி கிட்டத்தட்ட கால்வாசிக்கு இறங்கிவிடும். 1000 வாட்ஸ் அயர்ன்பாக்ஸ் இங்கே 270 வாட்ஸ்தான் தரும், அதில் காட்டன் சட்டை மடிப்பு போகாது.

போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் பற்றிக் கவலை வேண்டாம். பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், அதற்கு அடாப்டரே போதும். லண்டன், சிங்கப்பூர், துபாய் போகிறவர்களுக்கும் வோல்டேஜ் நம் ஊரை ஒட்டியதுதான், சதுரப் பின் பிளக்குக்கு ஏற்ற அடாப்டர் வாங்கினால் மிக்ஸியே ஓடும். ஜப்பான் கதை வேறு. அங்கே 100 வோல்ட், அதிலும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1890களில் ஒரு பக்கம் ஜெர்மன் ஜெனரேட்டர், மறுபக்கம் அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு இன்னும் தொடர்கிறது.

சரி, என் மிக்ஸிக்கு வருகிறேன். அடுத்து, இங்கத்து வோல்டேஜை நம் ஊர் அளவுக்கு ஏற்றித் தரும் ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். 750 வாட்ஸ் மிக்ஸிக்கு 750 வாட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போதாது, மோட்டார் கிளம்பும் நொடியில் அதற்குப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் 2000 வாட்ஸ் வாங்கினேன், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய இரும்புப் பெட்டி. சட்னி நன்றாகவே அரைந்தது. ஆனால் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் சொச்சம் இழுக்கிற மிக்ஸி, சுவர்ப் பக்கத்தில் ஆறு, ஏழு ஆம்பியராகிவிடுகிறது. அதே லைனில் மைக்ரோவேவும் ஓடினால் 15 ஆம்பியர் பிரேக்கர் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிவிடும், அதை மறுபடி போட காலை ஏழு மணிக்குக் கீழே பேஸ்மென்ட்டுக்கு ஓட வேண்டும். மிக்ஸியை நிறுத்தினாலும் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டே சூடாகும், அதையும் மறக்காமல் அணைக்க வேண்டும்.

கிரைண்டருக்கு இந்த வழியைச் சொல்லவே மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் ஏற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. மிக்ஸி மோட்டார் ஹெர்ட்ஸைப் பொருட்படுத்தாது, ஆனால் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகமே ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸில் கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். கோயம்புத்தூரிலேயே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்று கிரைண்டர் செய்து அனுப்புகிறார்கள், அதை வாங்குங்கள். மிக்ஸியும் அப்படிக் கிடைக்கிறது, கடைசியில் நானும் அதைத்தான் வாங்கினேன்.

இன்னொன்று. இங்கே துணி உலர்த்தும் மெஷினுக்கு 240 வோல்ட் பாயின்ட் இருக்கிறதே, அதில் சொருகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது 30 ஆம்பியர் பிரேக்கர். உங்கள் மிக்ஸி ஒயர் உருகினாலும் அது விழாமல் இருக்கலாம். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரும் வேண்டாம், ஈரக் கையோடு தொடுகிற சாமான் இது.

திரும்பிப் போகும்போதும் ஆபத்து இருக்கிறது, அதை நான் திருச்சியில் பார்த்தேன். அம்மாவுக்கென்று இங்கிருந்து ஒரு எலெக்ட்ரிக் குக்கர் வாங்கிப் போனேன். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லா வகை பிளக்கும் நுழையும், தட்டைப் பின்னும் நுழைந்தது. ஸ்டிக்கரில் 120 வோல்ட் மட்டும்தான் என்று இருந்ததை நான் சொல்வதற்குள் அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டார். பாதி வோல்டேஜில் கால்வாசி சக்தி என்றேனே, இரட்டை வோல்டேஜில் அது நான்கு மடங்கு. பட்டென்று ஒரு சத்தம், அடியிலிருந்து கறுப்புப் புகை. அம்மா இரண்டடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பயணத்தில்தான் பழைய மிக்ஸியையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வாரம் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, இரு ஒரு நிமிஷம் என்று எழுந்து போனார், பின்னால் அந்த மிக்ஸி சத்தம் கேட்டது, முழு வேகத்தில்.